கூலிக்கு வார்த்தை

எங்கள் ஊர் ரேடியோ எனக்குத் தரவேண்டியிருந்தது இருநூற்று எண்பத்தாறு பெசோ நாற்பது சென்டாவோ. இருநூற்று எண்பத்தாறு, பதினோரு நாள் சுமைகூலி, நாளொன்றுக்கு இருபத்தாறு. நாற்பது சென்டாவோ, கம்பம் நடுவதற்கு முன்னால் மலைக்கு ஏற்றிய இரண்டு மெழுகுவத்திக்கு. மெழுகுவத்தி ஏற்றாமல் கருமலையில் குழி தோண்டினால் யாருக்காவது கால் ஒடியும். அதனால் அதையும் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். சேர்ப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கொடுப்பதில்தான்.

திக்காபம்பாவுக்கு ரேடியோ வந்த வருஷம் அது. நிலையம் சந்தைத் தெருவில், தகரக்கூரை போட்ட இரண்டு அறை. ஆனால் சத்தம் நாலு பள்ளத்தாக்குக்கும் போய்ச் சேரவேண்டுமானால் கம்பம் கருமலை உச்சியில் நிற்கவேண்டும் என்றார் நிர்வாகி தோன் அபுந்தியோ. லாரி பாதி மலைவரைதான் ஏறும். மீதிக்கு முதுகு. பதினான்கு பேர் போனோம். மூன்று மூன்று மீட்டர் துண்டாக இரும்பு. ஒரு துண்டுக்கு இரண்டு ஆள். கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு, முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறவேண்டும். நிமிர்ந்து உச்சியைப் பார்த்தவன் உட்கார்ந்துவிடுவான்.

"நாலு நாள் வேலைதான்" என்று என் மனைவி செவெரினாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கிழங்கு தோண்டுகிற பருவம். நாலு நாள் பதினோரு நாளானது.

பன்னிரண்டாம் நாள் மற்றவர்கள் எனக்கு முன்பே கூலிக்குப் போனபோது, தோன் அபுந்தியோ மேசை டிராயரை முழுக்க வெளியே இழுத்துக் காட்டினார். உள்ளே ஒரு பென்சில் மட்டும் உருண்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லையாம். எங்கள் ஆட்கள் கத்தினார்கள். பிறகு கையில் கிடைத்ததைக் கூலிக்கு ஈடாகத் தூக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் மிச்சமிருந்த தகரத்தை எடுத்தான். ஒருவன் கம்பிச் சுருள். ஒருவன் பழைய லாரி பேட்டரி. கம்பி சுற்றி வந்த பெரிய மரச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனவன் இன்றைக்கும் அதை மேசையாகப் போட்டுத்தான் சாப்பிடுகிறான். நான் மலையிறங்கும்போது பிசகிய கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்வதற்குள் அறையில் பாக்கி இருந்தது தோன் அபுந்தியோவும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும்தான்.

"நிக்கானோர், உனக்கு வேற யாருக்கும் கிடைக்காத ஒண்ணு தரப்போறேன்" என்றார்.

"நாற்காலியா?"

"வார்த்தை."

காலை ஆறு மணிக்கு ரேடியோவில் அறிவிப்பு வாசிப்பார்கள். சுரங்கத்துக்குப் போன மகனுக்கு, கரும்பு வெட்டப் போன புருஷனுக்கு, அக்கரை ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு, யாருக்கு என்ன சொல்லவேண்டுமோ அதை. தபால் வராத ஊர்கள் எங்கள் ஊர்கள். வார்த்தைக்கு இருபது சென்டாவோ.

"உன் கூலிக்கு ஆயிரத்து நானூத்தி முப்பத்திரண்டு வார்த்தை வருது. மந்திரிக்குக்கூட இவ்வளவு கிடையாது, தெரியுமா?"

"மந்திரிக்குச் சொல்ல விஷயம் இருக்கும், தோன் அபுந்தியோ. எனக்கு என்ன இருக்கு?"

"வரும், வரும். கல்யாணம் ஆனவன்தானே."

ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தினார். கீழே என் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்திநாலு. எழுத்து என்பது முத்திரைக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற கறுப்புப் புழுக்கள்.

வீட்டுக்குப் போனேன். செவெரினா காட்டில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் தெல்ஃபினா, நாலு வயது, கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இல்லாத ஏழாம் நாள் உறைபனி இறங்கியிருக்கிறது. பதினாறு சாலில் ஒன்பது சால் கிழங்கு நிலத்துக்குள்ளேயே வெந்ததுபோல் கெட்டுக் குழைந்துவிட்டது. மறு வருஷத்து விதையும் அதில்தான் இருந்தது. ஒற்றை ஆளாக அவளால் ஏழு சால்தான் தோண்ட முடிந்திருக்கிறது.

"எங்க?" என்றாள். கையை நீட்டினாள்.

தாளைக் கொடுத்தேன். அவளுக்கும் எழுத்து தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"ஆயிரத்து நானூத்தி முப்பத்திரண்டு."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது. மண் அப்பிய கையாலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா? பெசோவா?"

"வார்த்தை."

"என்ன வார்த்தை?"

சொன்னேன். அவள் தோளிலிருந்து கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு நாள் இரும்பைச் சுமந்துட்டு வாயால ஊதுற காத்தை வாங்கிட்டு வந்திருக்கியா? அதை உப்புப் போட்டு வேகவைக்கவா, வறுக்கவா? ஊர்ல என்னைப் பாத்து என்ன சொல்லுவாங்க தெரியுமா? செவெரினா புருஷன் கழுதையவிட மலிவு. கழுதைக்காவது புல்லு போடணும்."

மறுநாள் காலை தெல்ஃபினாவை முதுகில் கட்டிக்கொண்டு யுராக்மாயுவில் இருக்கிற அக்காள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் நடை. வாசலில் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "கூலியோட வா. இல்லேன்னா வராதே."

அவள் போன மூன்றாம் நாள் என் பெரியப்பா மகன் ரூஃபினோ வந்தான். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. செவெரினா சீராகக் கொண்டு வந்த பெரிய பானை மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

"அவதான் இல்லையே அண்ணே, ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பானை? திருவிழாவுக்குச் சோளக்கள் காய்ச்சிட்டு அடுத்த வாரமே கொண்டாந்துடறேன்" என்று தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அன்றைக்கு மறுக்கத் தெம்பில்லை.

லாரி ஸ்டாண்டில் மூட்டை ஏற்றுவேன், இறக்குவேன். கிடைக்கிற கூலி வயிற்றுக்குச் சரியாகிவிடும். கையில் இருந்த சொத்து அந்தத் தாள் ஒன்றுதான். சரி, வார்த்தையாலேயே அவளைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நிலையத்துக்குப் போனேன். அறிவிப்பு வாசிக்கிற செனோபியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணே."

"அன்பும் மரியாதையும் உள்ள என் மனைவி செவெரினாவுக்கும், மகள் தெல்ஃபினாவுக்கும், மரியாதைக்குரிய அக்காளுக்கும், மாமாவுக்கும், அவங்க பிள்ளைங்களுக்கும்… பிள்ளைங்க பேர் ஒவ்வொண்ணா சொல்லவாம்மா?"

"வேண்டாம், மேல சொல்லுங்க."

"நான் இங்க நலம். ரெண்டு லாமாவும் நலம். நாய்க்குக் கால் வீங்கியிருந்தது, இப்ப நலம்…"

"அண்ணே, நாப்பத்தியோரு வார்த்தை ஆச்சு. இன்னும் விஷயத்துக்கே வரல."

"நலம் கேக்காம எப்படிம்மா பேச்சை ஆரம்பிக்கிறது? கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க? நிக்கானோர் வீட்டுல வளர்ப்பு சரியில்லைன்னு நினைக்க மாட்டாங்களா?"

அறுபத்தியோரு வார்த்தையில் முடித்தேன். தெருவில் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வா என்று சொல்லவே இல்லை.

மறுநாள் ஆறு மணிக்கு நாலு பள்ளத்தாக்கும் என் நாயின் காலைப் பற்றிக் கேட்டது. ரேடியோவில் ரகசியம் கிடையாது. ஒருத்தி தன் புருஷனுக்குச் சொல்வதை நாலாயிரம் பேர் தேநீர் ஊதிக்கொண்டே கேட்பார்கள். லாரி ஸ்டாண்டுக்கு நான் போனதும் சுமைக்காரர்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

"நாய் எப்படி இருக்கு, துரை?"

"ஆயிரம் வார்த்தைக்காரர் வர்றாரு, வழி விடுங்கப்பா! ஒரு வார்த்தை மேல விழுந்தா கால் ஒடிஞ்சிடும்."

அன்றிலிருந்து எனக்கு 'ஆயிரம் வார்த்தை' என்றே பேர்.

இரண்டாவது அறிவிப்பில் நலமெல்லாம் விட்டுவிட்டு "உடனே வீட்டுக்கு வந்து சேரவும்" என்று கொடுத்தேன். அதற்குச் சந்தையில் வெங்காயம் விற்கிற கிழவி என்னை நிறுத்தி வைத்துத் திட்டினாள். "தப்புப் பண்ணினவன் நீ, உத்தரவு போடுறியா? கெஞ்சுடா! உன் காசா போகுது?" மூன்றாவதில் கெஞ்சினேன். "இன்னிக்குது பரவாயில்லை" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து யுராக்மாயுவிலிருந்து வந்த உப்பு வியாபாரி ஒரு பதிலும் அதற்கான காசும் கொண்டு வந்தான். மறுநாள் ஆறு மணிக்கு செனோபியா அதை வாசித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"திக்காபம்பா நிக்கானோர் கொண்டோரியின் மனைவி செவெரினா தெரிவிப்பது: வார்த்தை வேண்டாம். கூலி எங்கே?"

நாலே வார்த்தை. எண்பது சென்டாவோ. யுராக்மாயுவில் ஒரு முழுநாள் ஆட்டு ரோமம் நூற்றிருப்பாள் அதற்கு. லாரி ஸ்டாண்டில் சிரிப்பு அடங்க மத்தியானம் ஆனது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் நிலையத்துக் கணக்கு நோட்டில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டபோது தோன் அபுந்தியோ சொன்ன எண் எனக்கு இடித்தது. நான் மனசுக்குள் வைத்திருந்த கணக்கைவிட அது குறைவு. சண்டை போடலாம் என்றால் எதைக் காட்டிப் போடுவது? எனக்கு வார்த்தை எது, இடைவெளி எது என்றே தெரியாதே.

சாயந்திரம் ஐந்து மணிக்கு ரேடியோவில் பெரியவர்களுக்கு எழுத்துப் பாடம் நடக்கும். செனோபியாவேதான் நடத்துவாள். மூட்டை இறக்கிவிட்டு வந்து நிலைய வாசல் படியில் உட்கார்வேன். வாசலில் தொங்கும் ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரல் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் அவளே இருப்பாள். சந்தேகம் வந்தால் சன்னலைத் தட்டுவேன். "கொஞ்சம் பொறுங்க நேயர்களே, வாசல்ல ஒரு மாணவர் தட்டுறாரு" என்று ரேடியோவிலேயே சொல்லிவிட்டு எட்டிப் பார்ப்பாள். வாசித்து முடித்த என் அறிவிப்புச் சீட்டுகளையெல்லாம் அவளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அதுதான் என் பாடப்புத்தகம். நான் சொன்னது அதில் என்னவென்று எனக்கே தெரியும் அல்லவா? தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடித்தேன். முதலில் பிடிபட்டது செவெரினா. எல்லாச் சீட்டிலும் அவள்தான் முதலில் நின்றாள். மூட்டை தூக்கித் தழும்பேறிய விரலுக்குப் பென்சில் என்பது மீன் மாதிரி, வழுக்கிக்கொண்டே போகும். ஆனாலும் ஒன்றரை மாதத்தில் வார்த்தைகளை எண்ணக் கற்றுக்கொண்டேன். படிப்பது அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

அப்படி ஒருநாள் படியில் உட்கார்ந்திருக்கும்போது மேட்டு ஊரிலிருந்து தோன்யா பாசிலியா வந்தாள். சுரங்கத்தில் இருக்கிற மகனுக்குச் சொல்லவேண்டும்: பசு கன்று போடப்போகிறது, கன்று திரும்பிக் கிடக்கிறது, லீவு போட்டு வா. பதினாலு வார்த்தை. இரண்டு பெசோ எண்பது. அவள் முடிச்சில் இருந்தது ஒரு பெசோ. எதை வெட்டலாம் என்று செனோபியாவும் அவளும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பசுவை வெட்டினால் மகன் வரமாட்டான். லீவை வெட்டினால் முதலாளி விடமாட்டான்.

"என் கணக்குல எழுதிக்கோம்மா" என்றேன். "என்கிட்ட வார்த்தை கிடந்து மக்கிப் போகுது."

மகன் வந்தான், பசு பிழைத்தது. அடுத்த வாரம் தோன்யா பாசிலியா அரை மூட்டை கிழங்கைக் கொண்டு வந்து என் காலடியில் போட்டாள்.

"அதெல்லாம் எதுக்கு அத்தை?"

"வாங்கினா திருப்பிக் கொடுக்கணும். எங்க வீட்டுல கடன் ராத்தங்காது" என்றாள்.

நான் அந்த அரை மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முளைக்குருத்து சிவந்த, நல்ல விதைக்கிழங்கு. என் பதினோரு நாளில் ஒரு துண்டு, மண் வாசனையோடு திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் சந்தை. நிலைய வாசல் படியில் கம்பளியை விரித்து உட்கார்ந்தேன். "வார்த்தை! வார்த்தை! உள்ள இருபது, இங்க பதினஞ்சு! காசு இல்லேன்னா கிழங்கு, பாலாடைக்கட்டி, எதுவானாலும் சரி!"

முதலில் சிரித்தார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். எங்கள் பேச்சில் ஒரு வார்த்தையின் வாலில் இன்னொன்றை ஒட்டிக்கொண்டே போகலாம். காசு கொடுத்து வாங்குகிறோம் என்றதும் மக்கள் ஒட்டினார்கள் பாருங்கள், ஒரு கிழவர் தன் வயல் தகராறு முழுவதையும் ஏழு வார்த்தைக்குள் அடைத்துவிட்டார். வாசிப்பதற்குள் செனோபியாவுக்கு மூச்சு முட்டியது.

தோன் அபுந்தியோ வெளியே ஓடி வந்தார். "டேய், என்ன கடை இது? அது உனக்குக் கொடுத்த வார்த்தைடா! உன் வீட்டு விஷயம் சொல்லத்தான். விக்கிறதுக்கு இல்ல!"

நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். எழுந்து நின்று படித்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி. வரிசை முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டது. "நிக்… கா… னோர். கொண்… டோ… ரிக்கு. ஆயிரத்து. நானூற்று. முப்பத்திரண்டு. வார்த்தை. கடன். கேட்கும்போது. வாசிக்கப்படும்." படிக்க எவ்வளவு நேரமானதோ, ஒரு லாரி வந்து நின்று ஆள் இறங்கி மறுபடியும் கிளம்பிப் போனது.

"இதுல யாருடைய விஷயம்னு எங்க இருக்கு, தோன் அபுந்தியோ? காட்டுங்க. எனக்கு இப்பத்தான் கண்ணு தெரிய ஆரம்பிச்சிருக்கு, ஒருவேளை விட்டுட்டேனோ என்னமோ."

வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் நாலு மாதம் சம்பளம் வரவில்லை. அவர் மனைவி அனுப்பிவைத்து அவரே ஒருநாள் என்னிடம் வந்து ஆறு வார்த்தை கடன் கேட்டார். கொடுத்தேன்.

செப்டம்பர் முடிவதற்குள் என் வீட்டில் மூன்று சுமை விதைக்கிழங்கு, பனியில் உறையவைத்து மிதித்துக் காயப்போட்ட கிழங்கு ஒரு மூட்டை, ஏழு பாலாடைக்கட்டி, ஒரு கறுப்புக் கோழி. கெட்டுப்போன ஒன்பது சாலுக்கும் விதை ஆயிற்று. அக்டோபரில் நட்டாகவேண்டும், மழை யாருக்காகவும் காத்திருக்காது. நடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் குழி போட, பின்னாலேயே அவள் விதை போட. எங்கள் பக்கத்தில் விதையைப் பெண் கைதான் போடவேண்டும், இல்லாவிட்டால் நிலம் ஏற்றுக்கொள்ளாது.

மிச்சமிருந்த வார்த்தையில் பெரும்பகுதியைப் போட்டு, இந்த முறை நானே என் கையால் எழுதினேன். "செவெரினா, கூலி வந்துவிட்டது" என்று தொடங்கி, ஒவ்வொன்றாக எழுதினேன். மூன்று சுமை விதை, ஒரு மூட்டை காய்ந்த கிழங்கு, ஏழு கட்டி, கோழி. நம்பமாட்டாளோ என்று, எல்லாம் லாமாத் தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோலுக்கு அடியில் பத்திரமாக இருப்பதையும் எழுதினேன். எப்போது வந்தாலும் என்னைத் தேடி அலையக்கூடாதே என்று, காலையிலிருந்து மாலைவரை தினமும் ரேடியோ வாசலிலேயே காத்திருப்பேன் என்றும் எழுதினேன்.

செனோபியா படித்துவிட்டுப் பென்சிலைக் கடித்தாள். "அண்ணே… எல்லாத்தையும் வாசிக்கணுமா?"

"ஒரு எழுத்து விடாம வாசிம்மா. உன் பாடம் இது."

வாசித்தாள். நான் வாசலில் உட்கார்ந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். போகிறவர் வருகிறவரெல்லாம் "ஏழு கட்டியா, ஆயிரம் வார்த்தை? ஒண்ணு குடேன், ருசி பாக்கலாம்" என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாலாம் நாளும் அவள் வரவில்லை, பதிலும் வரவில்லை. மேற்கே முதல் மேகம் கட்டியிருந்தது. இன்னொரு அறிவிப்புக் கொடுக்கலாம் என்று உள்ளே போனேன்.

"தீர்ந்துபோச்சு" என்றார் தோன் அபுந்தியோ, நோட்டைத் திருப்பிக் காட்டி.

"இல்ல. நாலு இருக்கு."

"நோட்டு சொல்லுது."

நான் சட்டைக்குள்ளிருந்து சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் அடுக்கினேன். மூன்று மாதத்துச் சீட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போட்டு வைத்திருந்தேன். யாரிடமிருந்து என்று அனுப்புகிறவன் பேர் வாசிப்பதற்கு ரேடியோ காசு வாங்குவதில்லை; அது ஊருக்கே தெரிந்த வழக்கம். என் சொந்த அறிவிப்பு இரண்டில் மட்டும் 'நிக்கானோர் கொண்டோரி' என்பதையும் எண்ணியிருந்தார்கள். இரண்டிரண்டு நாலு. அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் எண்ணினார்.

"சரி, நாலு" என்றார்.

அந்த நாலை வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கதவு திறந்தது.

செவெரினா. முழங்கால் வரைக்கும் புழுதி. முதுகில் தெல்ஃபினா தூங்கிக்கொண்டிருந்தாள். என்னை மேலிருந்து கீழ் பார்த்தாள்.

"உனக்கு அறிவு இருக்கா?"

"செவெரினா…"

"தொழுவத்துக்குப் பின்னால! வைக்கோலுக்கு அடியில! நாலு பள்ளத்தாக்குல இருக்கிற அத்தனை திருடனுக்கும் வழி சொல்லிட்டு, நான் சாயங்காலம் வரைக்கும் வீட்டுல இருக்க மாட்டேன்னு நேரமும் சொல்லிட்டு, இங்க வந்து கால் நீட்டி உக்காந்திருக்க! திருடன் வீட்டுல ரேடியோ இல்லன்னு நினைச்சியா?"

செனோபியா பென்சிலால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அய்யோ. போயிடுச்சா?"

"முந்தாநாள் உப்புக் கடையில கேட்ட உடனே கிளம்பினேன். இடுப்பு ஒடிய நடந்து நேரா வீட்டுக்குத்தான் போனேன். கதவைக் கயித்தால கட்டிட்டுப் போயிருக்க, மகராசன். கட்டி அஞ்சுதான் இருக்கு. விதை தப்பிச்சுது. எண்ணிப் பாத்துட்டேன். அதுக்கு, கூட வந்த என் அக்கா பையனைக் காவல் வச்சுட்டு வந்திருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்ல விதைதான்."

"நீ சொன்ன கூலி."

"அது தெரியுது. அந்தச் சீட்டை நீயே எழுதினியாமே? உப்புக் கடையில சொன்னாங்க, இந்தம்மா ரேடியோவுல சொன்னாங்களாம்." என் கையைப் பார்த்தாள். பென்சில் பிடித்த இடத்தில் விரல் கறுத்திருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, என் பெரிய பானை எங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ரூஃபினோவா?"

"ஒரு வாரத்துல தரேன்னான்."

"மூணரை மாசமாச்சு! நடவுக்கு வர்ற ஆளுங்களுக்கு நான் எதுல சூப்பு வைப்பேன், உன் தொப்பியிலயா?"

நடவுக்கு வருகிற ஆட்கள் என்றாள். நான் அதைக் கேட்டேன். செனோபியாவும் கேட்டாள். மேசைக்கு அடியில் என் காலை மெதுவாக மிதித்தாள்.

"வார்த்தை ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றாள் செவெரினா.

"நாலு."

அவள் தோன் அபுந்தியோவின் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். ரூஃபினோவை நேரில் கேட்டால் நாளைக்கு என்பான், நாளைக்கும் நாளைக்கு என்பான். ரேடியோவில் கேட்டால் கேட்கிற நாலாயிரம் பேரும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் பானையைக் கேட்பார்கள்.

"எழுதிக்கோங்க. ரூஃபினோ! பெரிய பானையை உடனே கொண்டுவா."

தோன் அபுந்தியோ விரல் விட்டு எண்ணினார். "அஞ்சு ஆகுது அம்மா. ஒண்ணு அதிகம். 'உடனே'யை எடுத்துடலாம்."

"உடனேங்கிறதுதான் முக்கியம்."

"அப்ப 'பெரிய'யை எடுத்துடலாம்."

"சின்னப் பானையைக் கொண்டாந்து போட்டுட்டுப் போவான், அவனைத் தெரியாதா உங்களுக்கு?"

"அப்படின்னா இருபது சென்டாவோ ஆகும்."

செவெரினா என்னைப் பார்த்தாள். நான் பையைத் தடவினேன், சீட்டுகள்தான் இருந்தன. அவள் நெடுமூச்சு விட்டு, இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கம்பளித் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு முட்டை.

"உன் கறுப்புக் கோழி காலையில போட்டது. பிள்ளைக்குன்னு எடுத்தாந்தேன்" என்றாள் என்னிடம். "போகட்டும். அது நாளைக்கும் போடும்."

தோன் அபுந்தியோ முட்டையைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நோட்டில் என் பக்கத்தைக் குறுக்கே அடித்து 'தீர்ந்தது' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். மை டப்பாவையும் தள்ளினார், பழைய ஞாபகத்தில். நான் பென்சிலைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். செவெரினா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதா உன் பேர்? இவ்வளவு நீளமா?" என்றாள்.

அவர் டிராயரை இழுத்து முட்டையைப் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்து, உருளாமல் மெதுவாக மூடினார். அந்த டிராயருக்குள் ஒரு வரவு விழுந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.